பழைய மடிக்கணினி: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

தையல் இயந்திரம் ஒன்று நம் இல்லங்களில் பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் வருவதுண்டு. வார் அறுந்தால் வேறு வார் மாட்டுகிறோம். பாபின் தேய்ந்தால் கடைத்தெருவில் ஒன்று வாங்கிக் கொள்கிறோம். அவ்வியந்திரத்தின் வயது என்னவென்று எவரும் கேட்பதில்லை. மடிக்கணினி என்று வரும்போதோ, “வாங்கி ஏழாண்டு ஆயிற்றே, இனி அதில் என்ன இருக்கிறது?” என்று கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில் தலையசைத்து விடுகிறோம். அடுத்த கணம் நம் நினைவு தவணைப் படிவத்துக்கோ, பீரோவில் இருக்கும் சங்கிலிக்கோ சென்று விடுகிறது.

இக்கேள்வி இன்று பல குடும்பங்களில் ஒரே காலத்தில் எழுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளிகளோடு அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்களையும் சேர்த்துக் கொண்டது. மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பலரின் கைக்கு முதற் கணினி அவ்வாறே வந்தது. பின்னர் 2020-ல் கொள்ளை நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையவழி நடந்தபோது, கைப்பேசியின் சிறு திரை போதாதென்று கடன்பட்டேனும் ஒரு மடிக்கணினி வாங்கிய இல்லங்கள் பல. இவ்விருவகை இயந்திரங்களும் முதுமை எய்தி விட்டன. போதாக்குறைக்கு, 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அளித்து வந்த பொதுவான ஆதரவை நிறுத்தியது. அதன் பொருள் என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கண்முன் நிறுத்திக் கொள்வோம். தந்தை மாத ஊதியக்காரர். 2016-ல் மூத்த மகனின் கல்லூரிப் படிப்புக்காக ஒரு மடிக்கணினி வாங்கினார். மகன் இன்று வெளிநாட்டில் பணியிலிருக்கிறான். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பயில்கிறாள். அண்ணனிடமிருந்து வந்த கணினி, பொத்தானை அழுத்தினால் ஆறேழு நிமிடங்கள் கழித்தே கண் விழிக்கிறது. மின்சாரம் நின்றால் கால்மணி நேரங்கூடத் தாங்குவதில்லை. மூடியின் ஒரு பக்கத்துக் கீல் உடைந்து தொங்குகிறது. “அப்பா, பழையதோடு போராடாதீர்கள்; புதிது வாங்கிக் கொடுங்கள்” என்கிறான் மகன். தாய்க்கோ ஜூன் மாதம் வந்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் என்று வரிசையாய் நிற்கும் செலவுகளே கண்முன் நிற்கின்றன. மகள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வீட்டுக்குப் பாரமாகுமே என்று அவள் வாய் திறவாதிருக்கிறாள். அவளுக்காகத்தான் இக்கேள்வியை நாம் சற்று நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது, பழுது பார்ப்பதும் அன்று, புதிது வாங்குவதும் அன்று. உள்ளே இருப்பவற்றைப் பத்திரப்படுத்துவதே முதற்பணி. பத்தாண்டுக் கணினியில் வேறெங்கும் இல்லாத பொருள்கள் தங்கியிருக்கும்: புதுநன்மைப் புகைப்படங்கள், மறைந்த தாத்தாவின் குரல் பதிந்த காணொளி, பத்திரங்களின் நகல்கள், மகனின் சான்றிதழ்கள். கணினி இயங்கும் நிலையில் இருக்கும்போதே அவற்றைத் தனியான வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து வைக்க வேண்டும். உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்னும் ஓசை கேட்கத் தொடங்கினால் ஒரு நாள்கூடத் தாமதித்தல் ஆகாது. சுழலும் தட்டு மீது ஊர்ந்து படிக்கும் முனை தடுமாறுவதன் அறிகுறியாக அது இருக்கக் கூடும். பழுது பார்க்கக் கொடுக்கும் முன் மற்றொன்றும் தேவை. அண்மைக் காலக் கணினிகள் பலவற்றில் உள்ளிருக்கும் தகவல் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் எனப்படும் அப்பூட்டுக்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் ஒன்று உண்டு. மதர்போர்டை மாற்றிய பின் கணினி அதனைக் கேட்கும். இல்லாவிடில் தகவலை மறந்துவிட வேண்டியதுதான். அதனை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்தல் நலம்.

நோய் எந்த உறுப்பில்?

மருத்துவர் நோயாளியின் வயதை மட்டும் கேட்டு மருந்தெழுதுவதில்லை. கணினி விஷயத்திலும் எந்த உறுப்பு கெட்டது என்பதே கேள்வி.

எளியதிலிருந்து தொடங்குவோம். முற்றிலும் உயிரிழந்ததாகக் கருதப்படும் கணினிகள் சிலவற்றில் கெட்டிருப்பது சார்ஜர் மட்டுமே. அதன் மீது அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பார்க்க வேண்டும், 19, 19.5, 20 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடும். அதே அளவும், தக்க ஆம்பியர் திறனும், பொருந்தும் முனையும் உடைய வேறொரு சார்ஜரை அண்டை வீட்டிலிருந்து வாங்கி மாட்டிப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

அடுத்தது, மந்தம். நம் நாட்டில் பழைய கணினிகள் கைவிடப்படுவதற்கு முதற் காரணம் இதுவே எனலாம். மந்தத்துக்கு முதுமையைக் குற்றஞ் சாட்டுகிறோம். உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். பழைய மடிக்கணினிகளில் உள்ள வட்டு நிமிடத்துக்குப் பெரும்பாலும் 5,400 சுற்றுச் சுழலும். படிக்கும் முனை அதன் மீது இங்குமங்கும் ஓடி ஒவ்வொரு கோப்பாகத் தேட வேண்டும். இன்றைய இயங்குதளமோ கண் விழிக்கும்போதே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. நூலகத்தில் ஒரேயொரு பணியாளர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்கு அலமாரி ஓடுவது போன்றதே இது. எஸ்.எஸ்.டி. என்று கடைகளில் வழங்கும் புதுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் பகுதி எதுவுமில்லை, ஓட்டமும் இல்லை. பழைய வட்டு இருந்த இடத்திலேயே இதனைப் பொருத்தலாம். ஆறேழு நிமிடம் எடுத்த கணினி அதன் பின் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நிற்பதைக் கண்டு வியந்தோர் பலர். மந்தமான கணினிக்கு ஒரே ஒரு செலவு செய்ய இயலுமெனில் அது இதுவாகவே இருக்கட்டும் என்பது நம் துணிபு.

இதனோடு ராம் எனப்படும் நினைவகத்தையும் பார்க்க வேண்டும். 4 ஜிபி இருந்தால் அதனை 8 ஆக உயர்த்துவது பயன் தரும். ஆயினும் மெலிந்த உடல் கொண்ட மாதிரிகள் சிலவற்றில் நினைவகம் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கூட்டவும் இயலாது, மாற்றவும் இயலாது. 2025-ன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தகவல் மையங்கள் அவற்றைப் பெருமளவில் வாங்கியதே முக்கிய காரணம். ஆகவே சென்ற ஆண்டு உறவினர் சொன்ன விலையை நம்பிக் கடைக்குச் செல்ல வேண்டாம்.

மந்தத்துக்கு வெப்பமும் காரணமாகும். உள்ளே சிறு விசிறி ஒன்று சுழல்கிறது. மெத்தை மீதும் தலையணை மீதும் வைத்துப் பழகிய கணினியில் பஞ்சும் தூசும் அதனை அடைத்துவிடும். சூடேறினால் தன்னைக் காத்துக் கொள்ளும் பொருட்டுச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. பின்புறத்தைக் கழற்றித் தூசு நீக்கி, செயலியின் மேல் காய்ந்து போன பசையைத் துடைத்துப் புதிது தடவினாலே நிலைமை சீர்படுவதுண்டு.

பேட்டரி தேய்வது இயற்கை. லித்தியம் அயனி வகையைச் சேர்ந்த இது, முந்நூறு முதல் ஐந்நூறு முறை முழுமையாக நிரம்பி வடிந்த பின் தன் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழந்து விடுகிறது. முதலில் எவ்வளவு கொள்ளும் நிலையில் இருந்தது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்னும் கணக்கை விண்டோஸே அறிக்கையாகத் தரும். பழுது பார்ப்பவரிடம் அதனைக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. மேசை மீது மின் இணைப்போடு மட்டும் பயன்படுத்தும் வீட்டில், தேய்ந்த பேட்டரியை மாற்றாமலே சில காலம் ஓட்டலாம். அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊர்களில் அவ்வாறு இயலாது. ஒன்றை மட்டும் அலட்சியம் செய்தல் கூடாது. விசைப்பலகையோ அடிப்பாகமோ உப்பியிருந்தால், உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அக்கணமே சார்ஜ் செய்வதை நிறுத்த வேண்டும். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். பிள்ளைகள் உறங்கும் அறையில் அதனை வைத்திருத்தல் கூடவே கூடாது.

உடைந்த கீல், விரிசலுற்ற திரை, எழுத்துதிர்ந்த விசைப்பலகை ஆகியவை தொல்லை தருவன. ஆனால் உயிர்நிலையைத் தொடுவன அல்ல. உயிர்நிலை மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை. தேநீர் கொட்டியோ, மின்னழுத்தம் ஏறியோ அது கெட்டால் நிலைமை வேறு. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு போன்ற இடங்களில் பலகையின் தனிச் சில்லுகளையே மாற்றித் தரும் கைத்திறனுடையோர் உளர். அவர்களுடைய திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் ஆறேழு ஆண்டு கடந்த இயந்திரத்தில் பலகையே கெட்ட பிறகு பெருந்தொகை செலவிடுவது பெரும்பாலும் வீண். ஒரு சில்லை மாற்றியபின் மற்றொன்று எப்போது கெடும் என்று எவரும் உறுதி கூற மாட்டார்.

பூட்டில்லாத கதவு

உறுப்புகள் நலமாயிருந்தும் கைவிட வேண்டிய நிலை ஒன்று உண்டு. மேலே சொன்ன விண்டோஸ் 10 விவகாரம் அதுவே. ஆதரவு நின்றதால் கணினி நின்றுவிடாது. வழக்கம் போல இயங்கும், அதுவே ஆபத்து. திருடர்கள் புதிய வழிகளைக் கண்டுபிடிக்கும் தோறும் அவற்றை அடைத்து வந்த திருத்தங்கள் இனி வழக்கம் போல வந்து சேரா. தனிப்பட்ட பயனாளர்களுக்கென அந்நிறுவனம் 2025-ல் அறிவித்த நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரை என்று கூறிற்று. அத்தகைய காப்பு ஏதுமில்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாளில்லாத வீட்டில் நகைப்பெட்டியைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

விண்டோஸ் 11 ஏற்குமா என்பதை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. இன்டெல் செயலியாயின் அதன் பெயரைப் பாருங்கள். ஐ5-6200யூ என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 6 என்பது ஆறாம் தலைமுறையைக் குறிக்கும். ஐ5-10210யூ என்றிருந்தால் பத்தாம் தலைமுறை. பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் ஏற்கத்தக்கவை. நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணினி ஆறாம் தலைமுறை என்றே கொள்வோம். எனவே அதற்கு இடமில்லை. “குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன்” என்று கூறும் கடைக்காரர்கள் உளர். அவ்வாறு ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று அந்நிறுவனம் உறுதி அளிப்பதில்லை. கள்ளப் பிரதியை ஏற்றிக் கொள்வது பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை.

லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் மற்றொரு வழி. 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த இது, இன்று உபுண்டு, லினக்ஸ் மின்ட் எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது. பழைய கணினியிலும் இலகுவாய் ஓடும். தமிழில் தட்டச்சு செய்யலாம், கடிதம் எழுதலாம், இணையவழிப் பாடம் கேட்கலாம், திருத்தங்களும் தவறாது வரும். நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் பெயரில் இதன் ஒரு வடிவத்தை உருவாக்கியது. குறை என்னவெனில், டேலி போன்ற கணக்குப் பதிவு மென்பொருளும், ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருளும் விண்டோஸை நம்பியே ஆக்கப்பட்டவை. லினக்ஸில் நேரே இயங்கா. பழகிய பிள்ளைகளுக்கு இம்மாற்றம் இரண்டு நாள் வேலை. தந்தைக்கு இரண்டு வாரம் ஆகலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது; ஆனால் அக்கணக்கில் ஆயுள் இல்லை. நாம் வேறு விதமாகக் கணக்கிடுவோம். எஸ்.எஸ்.டி., நினைவகம், தூசு நீக்கல், கீல், பேட்டரி யாவும் சேர்த்து 10,000 ரூபாய் ஆகிறதென்றும், அதன் பின் கணினி இரண்டாண்டு உழைக்கும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 5,000. புதியதன் விலை 48,000 என்றும், அது ஆறாண்டு உழைக்கும் என்றும் கொண்டால் ஆண்டுக்கு 8,000. பழுது பார்ப்பதே இலாபம். ஆனால் அதே பழைய கணினி ஓராண்டே தாங்குமெனில், ஆண்டுச் செலவு 10,000 ஆகிவிடும். பாதி விலை விதி அப்போதும் பழுது பார்க்கவே சொல்லும், நம் கணக்கோ வேண்டாம் என்னும். எனவே பழுது பார்ப்பவரிடம், “எவ்வளவு ஆகும்?” என்பதோடு “எத்தனை நாள் வரும்?” என்றும் கேளுங்கள். நேர்மையானவர் சற்றுத் தயங்கித்தான் பதில் சொல்வார்.

புதியதைத் தவணையில் வாங்குவோர் இன்னொரு தொகையையும் கூட்டிக் கொள்ள வேண்டும். ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரங்களைக் காண்கிறோம். சுழிய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்பதை 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக் காட்டியது. வட்டி, பரிசீலனைக் கட்டணமாகவோ, ரொக்கமாய் வாங்குவோர்க்குக் கிடைக்கும் தள்ளுபடியை நாம் இழப்பதாலோ எங்கேனும் ஒளிந்திருக்கும். ரொக்க விலை என்ன, தவணையில் மொத்தம் கட்டுவது என்ன என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னால் உண்மை விளங்கிவிடும். நகையை அடகு வைத்துக் கணினி வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. அடகின் வட்டி ஓடிக்கொண்டேயிருக்க, கணினியின் விலை இறங்கிக் கொண்டேயிருக்கும்.

இனி அக்குடும்பத்துக்கு வருவோம். மகள் எந்தப் படிப்பில் சேர்வாள் என்பது இன்னும் முடிவாகவில்லை. வணிகவியலா, செவிலியர் படிப்பா, பொறியியலா? பொறியியலாயின் கனமான வரைபட மென்பொருளுக்கேற்ற வலுவான கணினி தேவைப்படலாம். செவிலியர் படிப்பாயின் பாடக் குறிப்பு எழுதவும் படிக்கவும் எளிய கணினியே போதும். வணிகவியலாயின் டேலிக்காக விண்டோஸ் தேவை. சேர்க்கை முடியுமுன் வாங்கும் கணினி பெரும்பாலும் பொருந்தாததாகவோ, தேவைக்கு மீறியதாகவோ அமைந்து விடுகிறது. ஆகவே இன்று எஸ்.எஸ்.டி. மட்டும் மாற்றி, தூசு நீக்கி, கீலைப் பொருத்தி, லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தால், அவள் தேர்வுக்குப் படிக்க அது போதும். பேட்டரியும் நினைவகமும் இப்போது வேண்டா. பழைய உடலுக்கென்றே வாங்கும் அவ்வுறுப்புகள் நாளை வரும் புதியதில் பொருந்துவது அரிது, எஸ்.எஸ்.டி.யோ வீண் போகாது, கழற்றி வேறு வகையில் பயன்படுத்தலாம். வெளிநாட்டு மகன் அனுப்ப விரும்பும் பணம் வங்கியில் தங்கையின் பெயரில் சேரட்டும். கல்லூரி தொடங்கி, முதற் பருவத்தில் ஆசிரியர்களும் மூத்த மாணவிகளும் சொல்வதைக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். இதனை மகளையும் உட்கார வைத்து, கணக்குத் தாளை அவள் முன் விரித்து முடிவு செய்ய வேண்டும். தனக்காக வீட்டார் என்ன இழக்கிறார்கள் என்று மனத்துக்குள் கற்பனை செய்து மறுகும் பெண்ணுக்கு, உண்மைத் தொகை பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கும்.

வாங்கும் காலம் வந்தால் புதியது, பழையது என இரண்டே வழிகள்தாம் என்று எண்ண வேண்டியதில்லை. பெரிய அலுவலகங்கள் மூன்று முதல் ஐந்தாண்டு பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் சீர் செய்யப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் முதலிய அலுவலக வகைகள் உறுதியான உடல் கொண்டவை. உதிரி உறுப்புகளும் எளிதிற் கிடைப்பவை. எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை எவ்வளவு மலிவாயினும் தொடாதிருப்பதும், பேட்டரி அறிக்கையை நேரிற் பார்ப்பதும், ரசீதும் கடை உத்தரவாதமும் எழுத்தில் பெறுவதும் அவசியம். புத்தம் புதியதாயின், நினைவகத்தைப் பின்னர்க் கூட்ட இயலுமா என்பதையே முதலிற் கேளுங்கள்.

விடைபெறும் பழைய கணினியைப் பரணில் ஏற்றி வைப்பது நம் வழக்கம். வீங்கும் இயல்புடைய பேட்டரியோடு அங்கே அது கிடத்தல் நல்லதன்று. பழைய இரும்பு வாங்குவோரிடம் எடைக்குப் போடுவதோ அதனினும் தீது. கம்பிகளை எரித்தும், பலகைகளை அமிலத்தில் இட்டும் உலோகம் பிரிக்கும் இடங்களில் அந்நச்சுப் புகையைச் சுவாசிப்போர் ஏழைகளே. ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. நம் நாட்டில் 2022-ல் வகுக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், இப்பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதும் சுமத்துகின்றன. ஆகவே புதிது வாங்கும் இடத்திலேயே பழையதை எங்கே ஒப்படைப்பது என்று கேட்கலாம். பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திடமும் கொடுக்கலாம்.

கொடுக்கும் முன் சேமிப்பகத்தைக் கழற்றி எடுத்துக் கொள்ளுங்கள். கோப்புகளை அழித்துவிட்டோம் என்று எண்ணுவது போதாது. அழித்ததை மீட்கும் கருவிகள் உள்ளன. கழற்றிய எஸ்.எஸ்.டி.க்குச் சில நூறு ரூபாயில் ஓர் உறை கிடைக்கும். அதனுள் இட்டால் அது யு.எஸ்.பி. வழியே எந்தக் கணினியிலும் இணையும் வெளிவட்டாகி விடும். புதுநன்மைப் படங்களும் தாத்தாவின் குரலும் ஏற்கெனவே படியெடுத்த வட்டில் இருக்க, இது இரண்டாம் படியாகப் பயன்படும். இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காமல், ஒன்றைச் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.